நஃபீஸா ராத்தா நித்திரையாகவில்லை

அந்தப் பேச்சை றுஷ்னா பின்னர் பல தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். யார் முதலில் பேசியது, அதற்கு மற்றவர் என்ன சொன்னது, எந்த இடத்தில் தான் குனிந்து எழுதத் தொடங்கினாள் என்பதெல்லாம் அவளுக்கு வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது.

அஸர்த் தொழுகைக்குப் பிந்திய பின்னேரம். பெண்கள் வார்டில் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் பாண் பைகளோடும் சுடுதண்ணீர்ப் போத்தல்களோடும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சத்திரசிகிச்சைக்குப் பெயர் போட்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்த றுஷ்னா, பதினோராம் கட்டில் காலியாகக் கிடப்பதைக் கண்டாள். கட்டிலுக்குரிய நஃபீஸா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, கால் முறிந்து கிடந்த ஒரு பெண்ணுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். பழத்தைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் உரித்தாள். இடது கை மடியில் சும்மா கிடந்தது. றுஷ்னா அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, மனதில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாளைக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிற டொக்டர் நான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"அப்படியெண்டா நீங்க வந்த வழியே போகலாம். எனக்கு மயக்க மருந்து வாணாம்" என்றாள் நஃபீஸா, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

பயப்படுகிறாள் என்று றுஷ்னா நினைத்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். வலி தெரியாது, எல்லாம் முடிந்த பிறகு தானாக விழிப்பு வரும், ஒன்றும் பயமில்லை.

"முழிப்பு வராதெண்டு பயமில்ல தங்கச்சி. முழிச்ச பொறகு பார்த்ததுதான் எனக்குப் பிரச்சினை."

பிறகு அவள் சொன்னது இது. நான்கு வருடங்களுக்கு முன்னர், உப்பளத்திலிருந்து பெண்களை ஏற்றிவந்த டிரக்டர்ப் பெட்டி கற்பிட்டி வீதியில் சரிந்துவிட்டது. இடது கை முறிந்திருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளும் சரி என்றாள். நித்திரையாக்கினார்கள். விழித்துப் பார்த்தால் இரண்டு கையிலும் கட்டு. வலது கையும் முறிந்திருந்தது பிந்திய எக்ஸ்ரே படத்தில்தான் தெரிந்ததாம். அவளுடைய கணவர் நிஸாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதற்கும் தகடு வைத்துவிட்டார்கள்.

"செஞ்சது சரிதான். பிழையெண்டு நான் சொல்லல்ல. ஆனா என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. என்ட கை. நானும் அங்கதானே படுத்திருந்தன்."

அதைக் கேட்டுத்தான் றுஷ்னா கையை மட்டும் விறைக்கச்செய்யும் ஊசியைப் பற்றிச் சொன்னாள். தோளுக்கு மேலே, கழுத்தின் ஓரத்தில், கைக்குப் போகும் நரம்புகளெல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன. ஸ்கேன் கருவியில் அவற்றைப் பார்த்தபடியே பக்கத்தில் மருந்தைச் செலுத்தினால் தோளிலிருந்து விரல் நுனிவரை விறைத்துவிடும். ஆள் விழித்திருக்கலாம்.

நஃபீஸா கேள்விமேல் கேள்வி கேட்டாள். வெட்டுவதைப் பார்க்கலாமா? பார்க்க முடியாது, நடுவில் துணி கட்டுவார்கள். சத்தம் கேட்குமா? கேட்கும், எலும்பைத் துளைக்கிற சத்தமும் கேட்கும். நான் பேசினால் அவர்களுக்குக் கேட்குமா? இந்தக் கேள்வியை றுஷ்னாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும், நான் உங்கள் தலைமாட்டில்தான் இருப்பேன் என்றாள்.

"சரி. கை நித்திரையாகட்டும். நான் முழிச்சிருப்பன்."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டிலும் ஒரே நீளத்தில், ஒரே மாதிரியான தழும்பு. இரண்டுக்குள்ளும் இரும்பு இருக்கிறதென்றும், ஒன்று ஒட்டிவிட்டது, மற்றது ஒட்டாமல் ஆணி உடைந்து உள்ளேயே குத்துகிறதென்றும் சொன்னாள். றுஷ்னா அந்த நேரம் குனிந்து, அவளுடைய நிறையையும் இரத்த அழுத்தத்தையும் எழுதிக்கொண்டிருந்தாள். எது ஒட்டியது, எது ஒட்டாதது என்று நஃபீஸா கையால் காட்டியிருக்க வேண்டும். றுஷ்னாவின் கண் தாளில் இருந்தது.

கடைசியாகச் சம்மதப் பத்திரம். இரண்டு கிழமைக்கு முன்னர் கிளினிக்கில் யாரோ சிங்களத்தில் நிரப்பியது. கீழே நஃபீஸாவின் தமிழ்க் கையெழுத்து.

"அண்டைக்கு அவசரத்தில போட்டுட்டன். இதில என்ன இரிக்கி? வாசிங்க" என்றாள்.

றுஷ்னா வாசித்தாள். அதாவது, கண்ணால் சிங்களத்தில் வாசித்து, வாயால் தமிழில் சொன்னாள். கையில் உள்ள பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதற்கு நீங்கள் சம்மதம் என்று இருக்கிறது. அந்த வரியில் அவள் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். எந்தக் கை என்பது. தன்னுடைய கை எதுவென்று ஒருத்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. ஆனால் தன்னுடைய தாளில் அந்தச் சொல்லை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டாள்: வலது.

றுஷ்னா ஐந்தாம் வகுப்புவரை புத்தளத்தில் தமிழில் படித்தவள். வாப்பா தேங்காய் வியாபாரத்துக்காகச் சிலாபத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு சிங்களப் பாடசாலைக்குப் போனாள். இரண்டு மொழியும் அவளுக்குச் சரளம், ஆனால் இரண்டிலும் அதிகம் பேசமாட்டாள். வீட்டில் வந்து விழும் கடிதங்கள், பேங்க் படிவங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் சிறு வயதிலிருந்தே அவள்தான் வாசித்துச் சொல்வாள். முழுவதையும் யாரும் கேட்பதில்லை. "என்னவாம்?" என்றுதான் கேட்பார்கள். அவளும் சாரத்தைச் சொல்லிவிடுவாள். வார்டிலும் அப்படித்தான். தமிழ் தெரிந்த டொக்டர் ஒருத்தி, இருபது படிவங்கள், பின்னால் காத்திருக்கும் இன்னும் பத்துப் பேர். சாரத்தைச் சொல்வது அவளுக்குக் கைவந்த பழக்கமாகிவிட்டது.

அன்று மாலை அவள் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுநாள் பட்டியலில் ஆறு பேர். நித்திரையாக்கினால் ஐந்து நிமிடம், இந்த ஊசியென்றால் அரை மணித்தியாலம் கூடுதல். ஸ்கேன் கருவியும் அடுத்த ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். தேவைதானா என்று அவர் கேட்டார். நோயாளி கேட்கிறார், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்றாள் றுஷ்னா. அவளுடைய வாயிலிருந்து அப்படியொரு வசனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். சரி, செய்யுங்கள் என்றார்.

மஃரிப் தொழுகை நேரம் கழிந்து வார்டுக்கு இளம் டொக்டர் ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எந்தக் கை என்று சைகையால் கேட்டார். நஃபீஸா இடது கையை நீட்டினாள். தடித்த கறுப்பு மையால் முன்கையில் பெரிதாக ஓர் அம்பு கீறிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார். படிவத்தில் என்ன இருக்கிறதென்று அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

விடியற்காலையில் ஸுபஹுத் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி வுழூ எடுக்கப்போன நஃபீஸா, குழாயடியில் நின்று அந்த அம்பைப் பார்த்தாள். மை தடிப்பாக, பளபளவென்று, நகப் பூச்சுப்போலத் தோலில் படிந்திருந்தது. அதன்மேல் தண்ணீர் ஓடினால் தோல் நனையுமா? நனையாவிட்டால் வுழூ நிறைவேறாது, வுழூ இல்லாவிட்டால் தொழுகையும் இல்லை. வெட்டுக்குப் போகிற அன்றைக்கு ஒரு தொழுகையை அரைகுறையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. சவர்க்காரத்தைப் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, தோல் சிவக்கும்வரை கழுவினாள். அம்பு போய்விட்டது. அதற்கு என்ன, படம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இதை அவளே பின்னர் றுஷ்னாவிடம் சொன்னாள்.

தியேட்டருக்கு அவளைத் தள்ளிவந்தவர் தியேட்டர் உதவியாளர் சூசைப்பிள்ளை. சிலாபத்துக் கரையோரத்தவர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். கட்டிலோரத்துக் கைப்பலகையை விரித்து அவளுடைய வலது கையை அதில் நீட்டிக் கட்டத் தொடங்கினார்.

"அண்ணன், இந்தக் கை இல்ல."

"எல்லாரும் இங்க வந்தா இப்படித்தான் அக்கா. போன கிழமை ஒருத்தர் தன்ட கால் இல்லையெண்டே சொல்லிட்டார்."

அவர் சிரித்தார். பட்டியலை ஒரு தரம் பார்த்தார். வலது என்று இருந்தது. கட்டி முடித்தார்.

அடுத்து சிஸ்டர் வந்து பெயரையும் இலக்கத்தையும் சரிபார்த்தார். நஃபீஸா அவரிடம் சிங்களத்தில் சொன்னாள், தன்னிடம் இருந்த சிங்களத்தில். கை பிழை என்று. சிஸ்டர் அன்பாகத்தான் அவளுடைய நெற்றியைத் தடவினார். பயப்பட வேண்டாம், இப்போது சரியாகிவிடும் என்றார். பத்திரத்தில் வலது, பட்டியலில் வலது, மயக்க மருந்து டொக்டரின் தாளிலும் வலது. மூன்றும் ஒன்றாக இருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வழக்கமான சர்ஜன் லீவில் போயிருந்தார். பதிலுக்கு வந்தவர் நஃபீஸாவை அதுவரை கண்டதேயில்லை. எக்ஸ்ரேப் படங்கள் இருந்த பெரிய உறை வார்டிலேயே தங்கிவிட்டது.

றுஷ்னா கை கழுவி உறை மாட்டிக்கொண்டு வந்தபோது எல்லாம் ஆயத்தமாக இருந்தது. நஃபீஸாவைத் தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். வலது காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் ஜெல்லைப் பூசி, ஸ்கேன் கருவியின் தலையை வைத்தாள். திரையில் பெரிய இரத்தக்குழாய் துடித்தது. அதன் ஓரத்தில் மீன் சினைக் கொத்துப்போல நரம்புகள். நல்ல தெளிவான படம்.

அப்போது நஃபீஸாவின் இடது கை துணிக்கடியிலிருந்து வெளியே வந்து றுஷ்னாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"தங்கச்சி, இது மூணாவது ஆள் நீங்க. ரெண்டு பேருக்குச் சொல்லிட்டன். இது நல்ல கை. இதையும் கெடுத்தா நான் எதால சோறு திங்கிற?"

றுஷ்னாவை நிறுத்தியது அந்தச் சொல்லைவிட அந்தப் பிடி. நஃபீஸா தன் முழுப் பலத்தையும் போட்டுப் பிடித்திருக்கிறாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. பற்களைக் கடித்திருந்தாள், கண்ணோரம் நீர் கோத்திருந்தது. ஆனால் மணிக்கட்டில் உணர்ந்தது ஒரு சிறு குழந்தையின் பிடி. அவளுடைய முன்கையின் நடுவில், இருக்கக்கூடாத ஓர் இடத்தில், எலும்பு இலேசாக வளைந்து கொடுத்தது.

றுஷ்னா ஸ்கேன் தலையை எடுத்தாள்.

சிஸ்டரிடம் படங்கள் வேண்டும் என்றாள். சிஸ்டர் வெளியே போய் சர்ஜனிடம் சொன்னார். சர்ஜன் கதவைப் பாதி திறந்துகொண்டு, பத்திரத்தில் தெளிவாகத்தானே இருக்கிறது, நோயாளிகள் தியேட்டரில் குழம்புவது புதிதல்ல, இன்னும் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள், ஊசியைப் போடுங்கள் என்றார். சத்தம் போடவில்லை. களைத்த மனிதர் ஒருவர் நியாயமாகப் பேசுவது போலத்தான் பேசினார். அதுதான் கடினமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் றுஷ்னாவுக்கு எதிர்த்து நிற்க ஏதாவது கிடைத்திருக்கும்.

பாடசாலையில் கை உயர்த்தத் தெரிந்தும் உயர்த்தாதவள் அவள். அவளுடைய குரலைத் தியேட்டரில் கேட்டவர்கள் குறைவு. அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். உறைகளைக் கழற்றினாள்.

"படம் வரும்வரை நான் ஊசி போடமாட்டேன்" என்றாள் சிங்களத்தில். பிறகு அதையே தமிழிலும் சொன்னாள், நஃபீஸாவுக்குக் கேட்கும்படி.

சூசைப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இல்லை. யாரும் சொல்லாமலே வார்டுக்கு ஓடினார். அவர் திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் சர்ஜன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். றுஷ்னா தரையைப் பார்த்தபடி நின்றாள். நஃபீஸா மட்டும் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, ஏதும் நடக்காதவள்போலப் படுத்திருந்தாள்.

படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்கள். வலது கையில் தகடு நேராக, எலும்போடு எலும்பாக ஒட்டிக் கிடந்தது. இடது கையின் படத்தில் இரண்டு ஆணிகள் உடைந்து, எலும்புக்கு நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி. மூலையில், படம் எடுக்கும்போது வைத்த, இடது என்று காட்டும் ஈய எழுத்து.

சர்ஜன் படத்துக்குக் கிட்டப் போய் வெகு நேரம் பார்த்தார். பிறகு நஃபீஸாவிடம் வந்து, அவளுடைய இடது கையைத் தன் கையில் ஏந்தி, மெதுவாக மெத்தையில் வைத்தார். சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். அதை மொழிபெயர்க்க அவசியம் இருக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் பொறகு. முதல்ல அந்தத் தாளக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதச் சொல்லுங்க. எழுதினதை நீங்க எனக்கு வாசிங்க. அண்டைக்கு வாசிச்ச மாதிரி இல்ல. ஒவ்வொரு சொல்லா" என்றாள் நஃபீஸா.

றுஷ்னாவின் காது மடல்கள் சூடேறின. கட்டியிருந்த வலது கையைச் சூசைப்பிள்ளை அவிழ்த்துவிட்டார். புதுப் பத்திரம் வந்தது. சிங்களத்தில் ஒரு சொல், தமிழில் ஒரு சொல் என்று விரல் வைத்து வாசித்தாள். "இடது" என்ற இடத்தில் நஃபீஸா நிறுத்தி, அந்தச் சிங்கள எழுத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். இனி எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும் என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. இடப்பக்கக் குழியில் ஜெல், இடப்பக்க நரம்புக் கொத்து. ஊசி ஒரு வெள்ளைக் கோடாகத் திரைக்குள் நுழைந்தது. அதன் நுனியை ஒரு கணமும் பார்வையிலிருந்து விடக்கூடாது. கொத்துக்குக் கீழே விலா எலும்பு, அதற்கும் கீழே நுரையீரலின் உறை. அங்கே நுனி போய்விட்டால் வேறு கதை. றுஷ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தைச் சிறிது சிறிதாகத் தள்ளினாள். மருந்து கறுப்பாகப் பரவி நரம்புகளைச் சுற்றிக்கொள்வது திரையில் தெரிந்தது. நஃபீஸாவையும் பார்க்கச் சொன்னாள். அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, எனக்குள்ளே இவ்வளவு கூட்டமா என்றாள்.

இருபது நிமிடத்தில் கை போய்விட்டது. முதலில் விரல்கள் சுட்டன, பிறகு கனத்தன, பிறகு அவளுடையதாகவே இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுக் குளிர் தெரிகிறதா என்று கேட்டபோது, யாருடைய கையைத் தொடுகிறீர்கள் என்று கேட்டாள். துணி கட்டினார்கள். வெட்டு தொடங்கியது.

அடுத்த இரண்டு மணித்தியாலமும் நஃபீஸா பேசிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த றுஷ்னாவுக்கு அவளுடைய வாழ்க்கை தலைகீழாக, நெற்றியும் புருவமும் கீழேயும் வாய் மேலேயுமாகத்தான் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு, ஆறு வயதில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினவள். கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தாள். பாடசாலை இடாப்பில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் "அகதி" என்று எழுதியிருந்தார்கள். பெயர் கூப்பிடும்போது அதையும் சேர்த்தே கூப்பிட்டார்கள், அந்தப் பெயரில் இன்னொருத்தியும் வகுப்பில் இருந்ததால். நஃபீஸா வாய் திறக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபடியே ஒன்பது நாள் வரவில்லை என்று பதிவானாள். பத்தாம் நாள் ஆசிரியர் சிவப்பு மையை வெட்டிவிட்டு, வாப்பாவின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டார். "உள்ளேன்" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாளில் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வாரினால் கால் விரலிடுக்கு வெடித்து இரத்தம் கசியும். ஆண்களுக்கு ரப்பர்ச் சப்பாத்து வந்தது, பெண்களுக்கு வரவில்லை. பெண்கள் உரப்பையைக் காலில் சுற்றிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் நஃபீஸா எல்லாருக்கும் முன்னரே போய், கொட்டிலில் தொங்கிய ஆண்கள் சப்பாத்தில் ஒரு சோடியை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள். மேற்பார்வைக்காரன் கழற்றச் சொன்னான். கழற்றமாட்டேன் என்றாள்.

"சப்பாத்துக்காரர் யாரோ அவர் வந்து கேக்கட்டும் எண்டன். கேக்க ஒருத்தரும் வரல்ல. வந்தா உரப்பைய அவருக்குக் குடுக்கலாமெண்டு கையில வச்சிருந்தன்."

இரண்டாம் நாள் மூன்று பெண்கள் சப்பாத்தோடு இறங்கினார்கள். மாத முடிவில் பெண்களுக்கும் சப்பாத்து வந்தது. அளவெல்லாம் பெரிது, நடந்தால் கழன்று சேற்றில் நின்றுவிடும். அதற்கும் சண்டை பிடித்தாளாம்.

கைகள் முறிந்த பிறகு உப்பளம் விட்டுப்போயிற்று. கண்டக்குழியில் ஒரு கருவாட்டு வாடியில் சேர்ந்தாள். மீனைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் கீறுவாள். ஒற்றைக் கைக்காரி என்று முதலில் சிரித்தார்கள். இப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீறப் பலருக்கு விருப்பமில்லை. தங்கள் குவியல் சிறிதாகத் தெரியுமாம்.

துணிக்கு அப்பால் துளைக்கிற சத்தம் எழும்போது மட்டும் கதையை நிறுத்துவாள். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சர்ஜன் ஒரு தரம் தலையை உயர்த்தி, இவ்வளவு நேரமாக என்ன சொல்கிறார் என்று கேட்டார். றுஷ்னா சப்பாத்துக் கதையைச் சொன்னாள். சாரத்தை அல்ல. உரப்பை, கொட்டில், மேற்பார்வைக்காரன், அவன் சொன்னது, அவள் சொன்னது என்று முழுவதையும் சிங்களத்தில் சொன்னாள். நீண்ட நேரம் எடுத்தது. சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தார். சர்ஜன் ஆணி ஒன்றை முறுக்கி முடித்துவிட்டு, இவரை நித்திரையாக்கியிருந்தால் இன்றைக்கு எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பின்னேரம் சிஸ்டர் சம்பவப் பதிவேட்டைக் கொண்டுவந்து றுஷ்னாவின் முன்னால் வைத்தார். இப்படியொன்று நடந்தால் எழுதியாக வேண்டும். சிஸ்டர் கெட்டவர் அல்ல. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரு வழி சொன்னார். அடையாளமாகக் கீறிய அம்பை நோயாளியே கழுவிவிட்டார், அதனால் தாமதம் ஏற்பட்டது என்று எழுதினால் போதும். அது பொய்யும் இல்லை. யாருக்கும் ஒரு கேடும் நடக்கவில்லையே. கிளினிக்கில் நிரப்பியவர், பட்டியல் அடித்தவர், சூசைப்பிள்ளை, நான், எல்லாரும் தப்பிவிடுவோம். "உங்களுடைய தாளிலும் வலது என்றுதான் இருக்கிறது, டொக்டர்" என்று கடைசியாகச் சொன்னார். அதில் மிரட்டல் இல்லை. நினைவூட்டல்தான்.

றுஷ்னா பேனையைத் திறந்தாள். திகதியை எழுதினாள். அதற்கு மேல் எழுதாமல் மூடிவிட்டாள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனாள். நஃபீஸாவின் கைக்கு உணர்வு திரும்பியிருந்தது, வலியும் கூடவே வந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினாள். ஐந்தும் அசைந்தன. றுஷ்னா பரிசோதித்து முடித்தும் போகாமல் நின்றாள். பிறகு, இருக்கச் சொல்லாமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பத்திரத்தில் வலது என்று இருந்ததைத் தான் அன்று மாலையே வாசித்ததையும், அந்த ஒரு சொல்லை மட்டும் வாயால் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். பதிவேட்டைப் பற்றியும், சிஸ்டர் சொன்ன வழியைப் பற்றியும் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி வெகு காலம்.

நஃபீஸா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு மட்டும் அந்தச் சொல்ல வாசிச்சிருந்தீங்கெண்டா, அந்தப் பன்னிரண்டு நிமிசமும் நான் பயந்துகொண்டு படுத்திருக்கத் தேவ வந்திருக்காது" என்றாள்.

"ஓம், ராத்தா."

"நேத்து ஊசியத் தட்டில வச்சீங்களே, அதையும் நான் பார்த்தன்."

றுஷ்னா எழுந்து போக ஆயத்தமானாள். நஃபீஸா வலது கையால் அவளுடைய மேலங்கியின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தினாள். இந்தப் பிடியை விடுவித்துக்கொள்ள முடியாது. பிறகு ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொத்தகத்தில எழுதுங்க தங்கச்சி. நான் மையக் கழுவினதையும் எழுதுங்க, அது என்ட பங்கு, நான் மறைக்கமாட்டன். மூணு பேருக்கிட்டச் சொன்னதையும் எழுதுங்க. நீங்க அந்த ஒரு சொல்ல விட்டதையும் எழுதுங்க. எழுதி முடிச்சு, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, இங்க கொண்டுவந்து எனக்கு வாசிங்க."